கரும்பு விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? 2009இன் ‘3பி’ முதல் இன்றைய ஊக்கத்தொகை வரை

கொள்ளிடக்கரை எழுதியது:

2009ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பல்லாயிரம் கரும்பு விவசாயிகள் டெல்லியின் நடுப்பகுதியை நிறைத்தனர். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மத்திய அரசு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் ‘3பி’ என்றொரு பிரிவைச் சேர்த்திருந்தது. கரும்புக்கு ஆலைகள் தர வேண்டிய குறைந்தபட்சமாக மத்திய அரசு நிர்ணயிக்கும் விலைக்கு மேல் ஒரு மாநிலம் கூடுதல் விலை அறிவித்தால், அந்த வித்தியாசத்தை ஆலை தர வேண்டியதில்லை, அறிவித்த மாநிலமே தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பருவத்தில் மத்திய விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 129 ரூபாய் 84 காசு. உத்தரப் பிரதேசம் அறிவித்த விலையோ 165 ரூபாயும் அதற்கு மேலும். மாநிலக் கருவூலம் அந்தச் சுமையைத் தாங்காது என்பதால் மாநிலங்கள் விலை அறிவிப்பதையே நிறுத்திவிடும் என்பது விவசாயிகளுக்கு உடனே விளங்கிவிட்டது. மகேந்திர சிங் டிகைத், அஜித் சிங் போன்ற மேற்கு உத்தரப் பிரதேசத் தலைவர்கள் களத்தில் இறங்கினர். நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளே அவை ஒத்திவைக்கப்பட்டது. அரசு அந்தப் பிரிவைக் கைவிட்டது.

விவசாயிகள் வென்ற கதையாக இது பலருக்கும் நினைவிருக்கும். இதற்குப் பின்பு நம் மாநிலத்தில் நடந்ததை இதனோடு சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2016-17 பருவத்தில் தமிழ்நாடு அரசின் பரிந்துரை விலை, அதாவது மாநிலம் அறிவித்து ஆலை தர வேண்டிய விலை, போக்குவரத்துக்கான 100 ரூபாயையும் சேர்த்து, டன்னுக்கு 2,850 ரூபாய். மத்திய அரசின் விலை 2,300 ரூபாய். அடுத்த பருவத்திலிருந்து பரிந்துரை விலை நின்றுபோனது. சர்க்கரை வருவாயில் பங்கு தரும் முறை வந்தது; 2018இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. மத்திய விலையான 2,550 ரூபாயோடு 200 ரூபாயை மாநில அரசே ஊக்கத்தொகையாகத் தந்ததில் விவசாயியின் கைக்கு வந்தது 2,750 ரூபாய், அதாவது முந்தைய பருவத்தைவிட 100 ரூபாய் குறைவு. ஊக்கத்தொகை பின்னர் 195, 215 என்று நகர்ந்து, 2024-25 பருவத்துக்கு 349 ரூபாயாக உயர்ந்தது. விவசாயிகள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளும் தொகைதான் அது. ஆனால் மத்திய விலைக்கு மேற்பட்ட பகுதியை ஆலை தராமல் கருவூலம் தருகிறது என்பதைக் கவனித்தால், டெல்லியில் தோற்றுப்போன 3பி, பெயரையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு சென்னையில் குடியேறிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அங்கே பல்லாயிரம் பேர் திரண்டு தடுத்த ஒன்று, இங்கே ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் எப்படி நடந்தேறியது? எனக்குத் தெரிந்த விடை முழுமையானதன்று. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் தொகுதி தொகுதியாகக் கரும்பைத் தவிர வேறு பெரிய பயிரே இல்லை; கரும்பு விலை அங்கே தேர்தலின் முதல் கேள்வி. இங்கே கடலூர், விழுப்புரம், ஈரோடு, தஞ்சாவூர் என்று கரும்பு சிதறிக் கிடக்கிறது; ஒவ்வொரு தொகுதியிலும் கரும்புக்காரர் நெல்லுக்கும் மரவள்ளிக்கும் நடுவே ஒரு சிறுபான்மையர். போதாக்குறைக்கு, 2011-12இல் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தி செய்த மாநிலம், தொடர் வறட்சிக்குப் பிறகு 2017-18இல் 10 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியிருந்தது. பாதிக் கரும்பு வயலைவிட்டே போன நேரத்தில் விதி மாறியது. விவரம் அறிந்தவர்கள் திருத்தலாம்.

பழைய_கோப்பு எழுதியது:

கொள்ளிடக்கரை ஐயா கேட்டிருக்கும் கேள்வி சரியானது. ஆயினும், ஆலை முதலாளிகள் கேட்டார்கள், டெல்லி கொடுத்தது என்று 3பியை வாசிப்பது போதாது. அரசுப் பணியில் பல ஆண்டுகள் கோப்புகளோடு உழன்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அந்த மாதம் வந்தது 3பி மட்டுமன்று. அன்று ஆலைகள் தம் உற்பத்தியில் ஒரு பகுதியைப் பொது விநியோகத்துக்காக மலிவு விலையில் ‘லெவி’ சர்க்கரையாகத் தர வேண்டியிருந்தது. அந்த லெவி விலையைக் கணக்கிடும்போது, ஆலைகள் உண்மையில் கொடுத்த கரும்பு விலையையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆலைகள் பக்கம் நின்றது. பல ஆயிரம் கோடி ரூபாய் பாக்கி அரசின் தலையில் விழும் நிலை ஏற்பட்டதும், 2009 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து அந்தப் பொறுப்பை அரசு துடைத்துக்கொண்டது. ஆக, ஆலைகளிடமிருந்து ஒரு பெருந்தொகையைப் பறித்த அதே வாரத்தில், மாநில விலை என்ற பழைய தலைவலியை அவர்களிடமிருந்து எடுத்துவிடுவதற்கான பிரிவும் வந்தது. இரண்டையும் நான் ஒரே கொடுக்கல் வாங்கலாகத்தான் படிக்கிறேன். அது என் வாசிப்பு மட்டுமே.

இன்னொன்று, போராடும் தரப்புகள் எல்லாம் ஒரே வாசலைத் தட்டுவதில்லை. ஆலைகளுக்கு நெடுங்காலமாக உகந்த வாசல் நீதிமன்றம். மாநிலத்துக்கு விலை நிர்ணயிக்க அதிகாரமே இல்லை என்று அவர்கள் வாதாடி, 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் தோற்றனர். மத்திய அரசு நிர்ணயிப்பது குறைந்தபட்ச விலை என்பதால், மாநிலம் அதைவிடக் கூடுதலாக நிர்ணயிப்பதில் முரண்பாடு இல்லை என்றது தீர்ப்பு. 2020 ஏப்ரலில் மற்றோர் ஐவர் அமர்வும் அதே நிலையில் நின்றது. நீதிமன்றத்தில் மூடப்பட்ட வழியை 3பி நிர்வாக ஆணையின் மூலம் திறக்கப் பார்த்தது. தெரு அதை மூடியது. கடைசியில் தமிழ்நாட்டில், மாநிலச் சட்டமன்றத்தின் வழியாக, அது திறந்துகொண்டது. எந்த வாசலில் தம் பலம் செல்லும் என்று அறிந்தவர்கள், ஓரிடத்தில் தோற்றால் அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். அப்படிப் போவதற்குப் பணத்தைவிடவும் காத்திருக்கும் வசதி வேண்டும். அறுவடைக்கு நிற்கும் கரும்புக்கு அந்த வசதி கிடையாது.

‘அரசு’ என்று ஒருமையில் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. உணவுத் துறைக்குச் சில்லறை விலை ஏறக் கூடாது. பெட்ரோலியத் துறைக்குப் பெட்ரோலில் கலக்க எத்தனால் வேண்டும். வணிகத் துறைக்கு உலக வர்த்தக அமைப்பில் பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். நிதித் துறைக்கு எவருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு துறையின் கதவை அன்றாடம் தட்டுகிறவர் எவரோ அவருடைய கவலையே சில ஆண்டுகளில் அத்துறையின் கவலையாகிவிடுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்குக் கையூட்டு எதுவும் தேவையில்லை. புள்ளிவிவரத்தை நேர்த்தியாக அச்சிட்டுக் கொண்டுவருகிறவர் அவர் ஒருவரே என்பது போதும்.

எடைமேடை எழுதியது:

நான் கரும்பு பயிரிடுகிறவன். விழுப்புரம் மாவட்டம். பெரியவர்கள் இருவரும் தலைப்புச் செய்திகளில் வந்த சண்டைகளைச் சொன்னார்கள். எங்களை அதிகம் காயப்படுத்தியது அடிக்குறிப்பில் நடந்த சண்டை.

மத்திய விலை எப்போதும் ஒரு பிழிதிறனோடு, அதாவது 100 கிலோ கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்ற கணக்கோடு, சேர்த்தே அறிவிக்கப்படும். 2017-18இல் குவிண்டாலுக்கு 255 ரூபாய், அடிப்படைப் பிழிதிறன் 9.5 சதவீதம். அடுத்த ஆண்டு 275 ரூபாய் என்று அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் 20 ரூபாய் உயர்வு என்று எழுதின. ஆனால் அதே ஆணையில் அடிப்படை 10 சதவீதமாக உயர்த்தப்பட்டிருந்தது. 9.5 சதவீதமும் அதற்குக் குறைவுமான பிழிதிறன் உள்ள ஆலைக்குக் கரும்பு தருகிறவருக்கு 261 ரூபாய் 25 காசு மட்டுமே. எங்கள் பகுதி ஆலைகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன என்பதால், எங்களுக்கு உண்மையில் உயர்ந்தது ஆறேகால் ரூபாய். 2022-23இல் அடிப்படை 10.25 ஆனது. 2024-25க்கு 340 ரூபாய் என்று நாடே பேசியபோது எங்கள் கணக்கு டன்னுக்கு 3,151 ரூபாயில் நின்றது. மாநில அரசின் 349 ரூபாய் சேர்ந்துதான் 3,500 ஆனது. 2021 தேர்தலில் எங்களுக்கு வாக்குறுதியாகச் சொல்லப்பட்ட டன்னுக்கு 4,000 ரூபாயைப் பற்றி இங்கே எழுதினால் இழை திசைமாறிவிடும் என்பதால் விடுகிறேன்.

அடிப்படை ஏன் உயர்ந்தது? வடக்கே ‘கோ 0238’ என்ற ரகம் பரவி, அங்கே பிழிதிறன் ஏறியது. நாட்டின் சராசரியும் ஏறியது. அந்த ரகத்தை உருவாக்கியது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட கரும்பு இனப்பெருக்கு நிறுவனம். பெயரிலுள்ள ‘கோ’ நம் ஊர்தான். எங்கள் ஊர் ரகம் அங்கே போய் விளைந்து, எங்கள் விலையைக் குறைக்கும் அளவுகோலாகத் திரும்பி வந்திருக்கிறது. இதை எதிர்த்து டெல்லியில் எவர் ஊர்வலம் போவார்? உத்தரப் பிரதேச விவசாயிக்கு மாநில விலை இருக்கிறது. அவருக்கு அடிப்படைப் பிழிதிறன் ஒரு பொருட்டே இல்லை. மகாராஷ்டிரத்தில் பிழிதிறன் அதிகம், ஆகவே அவர்களுக்கும் கவலை இல்லை. பாதிக்கப்பட்டது எங்களைப் போன்றவர்களே. நாடாளுமன்றத்தில் அடிக்குறிப்புக்காக அவையை ஒத்திவைக்க எவரும் இல்லை.

இன்னொரு செய்தி. கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று ஆணையில் எழுதியிருக்கிறது. அந்த வட்டியைக் கண்ணால் கண்ட விவசாயி என் சுற்றுவட்டாரத்தில் எவரும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2012-13 முதல் மூன்று பருவங்களின் வட்டியை அரசே ஆலைகளுக்குத் தள்ளுபடி செய்ய, அங்கிருந்த ஒரு விவசாய அமைப்பு வழக்காடி, 2017 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. நீதிமன்ற வாசல் ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று என்று பழைய_கோப்பு ஐயாவுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அங்கே போவதற்கு நின்று வழக்காடும் அமைப்பு வேண்டும். எங்கள் பக்கம் 2013-14 முதல் 2016-17 வரையிலான பருவங்களுக்கு, தனியார் ஆலைகளிடமிருந்து மாநில விலையின் வித்தியாசத் தொகை வரவில்லை என்று சங்கங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆலைக்கணக்கு எழுதியது:

ஒரு தனியார் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் நான். என்னை இங்கே எதிர்த்தரப்பாக எண்ணுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஆலைத் தரப்புதான் அரசை இயக்குகிறது என்றால், 2013இலும் 2018இலும் நடந்தவற்றை எப்படி விளக்குவீர்கள்? சர்க்கரைத் துறையின் கட்டுப்பாடுகளை ஆராய மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2012 அக்டோபரில் அறிக்கை தந்தது. லெவியை நீக்கு, மாதந்தோறும் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்று அரசு கட்டளையிடும் முறையை நீக்கு, கரும்பு விலையைச் சர்க்கரை வருவாயோடு இணை, இரண்டு ஆலைகளுக்கிடையே 15 கிலோமீட்டர் தூரம் வேண்டும் என்ற விதியையும், இந்தப் பகுதிக் கரும்பு இந்த ஆலைக்கே என்ற ஒதுக்கீட்டையும் காலப்போக்கில் கைவிடு என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. 2013 ஏப்ரலில் மத்திய அரசு முதல் இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டு, மற்றவற்றை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஐந்தே ஆண்டுகளில் உற்பத்தி பெருகி, விலை சரிந்து, கரும்பு பாக்கி மலைபோல் குவிந்தபோது, 2018 ஜூனில் சர்க்கரைக்குக் கிலோவுக்கு 29 ரூபாய் என்று குறைந்தபட்ச விற்பனை விலை வந்தது. கூடவே மாதாந்திர விற்பனை ஒதுக்கீடும் திரும்பி வந்தது. நீக்குங்கள் என்று எவற்றைப் பல பத்தாண்டுகள் கேட்டோமோ, அவற்றில் ஒன்றை எங்கள் சம்மதத்தோடே திரும்பக் கொண்டுவந்தோம். 29 ரூபாய் 2019 பிப்ரவரியில் 31 ஆனது. அதன் பிறகு கரும்பு விலை பலமுறை உயர்ந்தும், 2024 முடியும் வரை அந்த 31 அசையவில்லை. இத்தனை செல்வாக்கு உள்ள தரப்பு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பெற முடியவில்லை என்பதை நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆலைத் தரப்பு என்று ஒன்று இருக்கிறதா என்பதே ஐயம்தான். 1932இல் தொடங்கிய இந்தியச் சர்க்கரை ஆலைகள் சங்கம் தனியாருக்கு; கூட்டுறவு ஆலைகளுக்கென்று தனிக் கூட்டமைப்பு; தெற்கே தனிச் சங்கம். தூர விதியைப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆலைக்கு அது கோட்டைச் சுவர். புதிதாக வர நினைக்கிறவருக்குத் தடை. மகாராஷ்டிரம் அந்தத் தூரத்தை 25 கிலோமீட்டராக உயர்த்தியிருக்கிறது. விதிகளைத் தளர்த்துங்கள் என்று கோரும் அதே சங்கத்தின் உறுப்பினர்கள், இந்த ஒரு விதியை மட்டும் தொடாதீர்கள் என்று தனித்தனியே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

எத்தனால் விவகாரம் இதைவிடச் சுவையானது. கரும்புச் சாற்றிலிருந்து நேராக எத்தனால் எடுக்கலாம், அதை வடிக்கும் ஆலையான வடிப்பாலையைக் கட்டுங்கள் என்று அரசே வட்டிச் சலுகையோடு கடன் ஏற்பாடு செய்தது. 2023 டிசம்பர் 7ஆம் நாள், அந்த ஆண்டுக்கு அதற்குக் கரும்புச் சாற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணை வந்தது. உற்பத்தி குறையும் என்ற மதிப்பீடும், சில மாதங்களில் வரவிருந்த பொதுத்தேர்தலும், சில்லறை விலையும்தான் காரணங்கள் என்பது என் கருத்து. ஒரு வாரத்திலேயே 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவை மட்டும் எத்தனாலுக்குத் திருப்பிவிடலாம் என்று தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில், தேர்தல் முடிந்த பிறகு, அடுத்த ஆண்டுக்கான தடை நீங்கியது. அந்த ஒரு வாரத்தில் எங்களுக்கு எதிரே நின்றது எந்தச் சங்கமும் இல்லை. கடையில் சர்க்கரை வாங்கும் குடும்பத்தை எவரும் அமைப்பாகத் திரட்டவில்லை; ஆனாலும் தேர்தல் நெருங்கும்போது அந்தக் குடும்பம் கேட்காமலேயே வெல்கிறது. நாட்டில் விற்கும் சர்க்கரையில் பாதிக்கு மேல் குளிர்பானம், இனிப்பு, பிஸ்கட் தொழிலுக்குப் போகிறது என்பதும், வீட்டுக்காரரின் பெயரால் கிடைத்த வெற்றியில் பெரும்பங்கு அவர்களுக்கு என்பதும் வேறு கதை.

பஞ்சகங்கை எழுதியது:

கோலாப்பூரில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் தமிழன் நான். நீங்கள் அனைவரும் விவசாயி ஒரு பக்கம், ஆலை மறுபக்கம், நடுவே அரசு என்று வைத்துப் பேசுகிறீர்கள். மகாராஷ்டிரத்தில் இந்த மூன்றும் ஒரே ஆளாக இருக்க முடியும்.

விட்டல்ராவ் விக்கே பாட்டீல் அகமதுநகர் மாவட்டத்தில் பிரவரா கூட்டுறவு ஆலையைத் தொடங்கியபோது, பொருளியலாளர் தனஞ்செயராவ் காட்கில் துணை நின்றார். விவசாயியே ஆலையின் பங்குதாரர் என்பது அதன் அடிப்படை. அந்த மாதிரி மாநிலமெங்கும் பரவியது. ஆலையின் தலைவரே பள்ளி, கல்லூரி, கூட்டுறவு வங்கி ஆகியவற்றின் தலைவருமாகி, பிறகு சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் ஆனார். அவர் அரசிடம் மனு கொடுக்க வேண்டியதில்லை; மனுவைப் பெறுகிறவரும் அவரே. கூட்டுறவு ஆலைகள் விவசாயிகளுக்குக் கொடுத்த கூடுதல் விலையை வருமான வரித் துறை இலாபப் பங்கீடு என்று கருதி வரி கேட்ட நெடுங்காலத் தகராறு, 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் நிவாரணம் என்று நிதியமைச்சர் சொன்னார். கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகம் 2021இல் உருவான பிறகே அது நடந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய_கோப்பு சொன்னதுபோல், கதவைத் தட்டுவது ஒன்று. தனக்கென்று ஒரு கதவையே கட்டிக்கொள்வது இன்னொன்று.

ஆனால் விவசாயியே பங்குதாரர் என்பதால் சண்டை ஓய்ந்துவிடவில்லை. மத்திய விலையைத் தவணை தவணையாகத் தராமல் ஒரே தவணையில் தர வேண்டும் என்று ராஜு ஷெட்டியின் சுவாபிமானி சங்கம் இந்தப் பகுதியில் பருவந்தோறும் போராடிவருகிறது. ஆலையின் பங்குதாரர்களே அந்தப் போராட்டத்திலும் இருக்கிறார்கள்.

இங்கே வாய் திறக்காத தரப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீட் மாவட்டத்திலிருந்து கணவனும் மனைவியுமாக ஒரே கூலியாகக் கணக்கிடப்பட்டு வரும் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், கரும்பு விலை நிர்ணயத்தில் செலவு என்ற ஒரு வரியாக மட்டுமே தோன்றுகிறார்கள். அடுத்தது தண்ணீர். 2016 ஏப்ரலில், கடும் வறட்சியின்போது, மராத்வாடாப் பகுதியிலுள்ள லாத்தூர் நகருக்கு மிரஜிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுபோனார்கள். அந்த மராத்வாடாவிலும் கரும்பு நின்றது, ஆலைகள் இருந்தன. பருப்பும் சோளமும் விதைக்கும் மானாவாரி விவசாயிக்கும், குடத்தோடு நிற்கும் நகரவாசிக்கும் கரும்பு விலைக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. கரும்புக்கு உறுதியான விலையும் உறுதியாக வாங்கும் ஆலையும் இருக்கும்வரை நீர் அங்கேதான் போகும். இதை எந்தத் தரப்பின் சதி என்று சொல்வது?

கொள்ளிடக்கரை எழுதியது:

பஞ்சகங்கை நண்பரின் கேள்வி என்னைச் சற்று நிறுத்தியது. தரப்புகள் ஒன்றையொன்று மோதிச் சமநிலை காணும் என்று சொல்பவர்கள், மோதலுக்கு வராதவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. என் முதல் பதிவிலும் அந்தக் குறை இருக்கிறது. மாநில அரசு தந்த 349 ரூபாயை ஆலைக்கும் விவசாயிக்கும் இடையிலான பிரச்சினையாக எழுதினேன். அந்தப் பணம் வேறு எந்தச் செலவிலிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு தரப்பும் மோதி ஓய்ந்து, பில்லை மூன்றாமவர் மேசைக்கு அனுப்பிவிடுவதுதான் இதில் நடந்திருக்கிறது. எதிர்ப்பு எழாததற்கும் ஒருவேளை அதுவே காரணம்: ஆலைக்குச் சுமை குறைந்தது, விவசாயிக்கு ஏதோ வந்தது, அரசுக்கு அறிவிப்பு கிடைத்தது.

ஆலைக்கணக்கு அவர்களுக்கு ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் 31 ரூபாய் அசையவில்லை என்பதை வலிமையின்மைக்குச் சான்றாகக் காட்டினீர்கள். ஒரு பொருளை இந்த விலைக்குக் கீழே எவரும் விற்கக் கூடாது என்று அரசே ஆணையிட்டு, விற்பனைக்கும் மாத அளவு வைத்துப் போட்டியைத் தணித்துத் தரும் தொழில்கள் நாட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆணை இருப்பதே வலிமைதான்.

கொல்லிமலைச்சாரல் எழுதியது:

நான் நாமக்கல்லைச் சேர்ந்தவன், முட்டைக் கோழிப் பண்ணை நடத்துகிறேன். கரும்பைப் பற்றிய இழையில் எனக்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கரும்புச் சாற்றுக்குத் தடை வந்த ஆண்டில், எத்தனால் இலக்கை எட்ட அரசு மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தரும் விலையும் உயர்த்தப்பட்டது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். வடிப்பாலைகள் சந்தையில் இறங்கியதும் தீவன விலை ஏறியது. சுங்கவரி 50 சதவீதம் இருந்ததால் வெளியிலிருந்து வாங்குவதும் கட்டுப்படியாகவில்லை. வரியை நீக்குங்கள் என்று பண்ணையாளர் அமைப்புகள் டெல்லிக்கு நடையாய் நடந்தன. மக்காச்சோள விவசாயிகளோ, இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போதுதான் நல்ல விலை கிடைக்கிறது, இறக்குமதி கூடாது என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

சர்க்கரை விலை ஏறக் கூடாது என்று எடுத்த முடிவு முட்டை விலையில் வந்து நின்றது என்பதைத்தான் சொல்ல வந்தேன். சாற்றுத் தடையை எழுதியது உணவுத் துறை. அந்த மேசையில் கோழிப் பண்ணையாளர் எவரும் இல்லை. எங்கள் கோப்பு கால்நடைத் துறையில் இருக்கிறது.

பழைய_கோப்பு எழுதியது:

அந்தக் கடைசி வரிக்காகவே மீண்டும் எழுதுகிறேன். விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் கரும்பு விலையைப் பரிந்துரைக்கும் முன்பு மாநிலங்களையும் விவசாயிகளையும் ஆலைகளையும் அழைத்துப் பேசுகிறது. அதன் அறிக்கை அச்சில் வருகிறது, எவரும் படிக்கலாம். ஆனால் அந்த அறிக்கைக்கும் அமைச்சரவை முடிவுக்கும் இடையில் எவர் எந்த அமைச்சரைச் சந்தித்தார், எந்த மனுவைத் தந்தார் என்பதற்குப் பொதுப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணம் பெற்று அரசை அணுகுகிறவர் தம்மைப் பதிவு செய்துகொண்டு, எவருக்காக, எந்தப் பொருள் குறித்து, எவ்வளவு பெற்று அணுகினார் என்று அறிவிக்க வேண்டும். இங்கே 2013இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா அத்தகைய நோக்கத்தோடு வந்து, அதோடு நின்றது. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டின் கொள்கை இருக்கிறது. அது கட்டாயச் சட்டமன்று. நீங்கள் கவனித்தால், இந்த இழையில் பேசப்பட்டவற்றுள் 3பி, 31 ரூபாய், அடிப்படைப் பிழிதிறன், சாற்றுத் தடை ஆகிய எவையும் நாடாளுமன்றத்தில் மசோதாவாக வந்தவை அல்ல. எல்லாம் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளும் அறிவிக்கைகளுமே.

பதிவேடு வந்தால் கரும்பு விலை மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் பதிவேடு இருக்கிறது. சர்க்கரை இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடும் இருக்கிறது. உள்நாட்டு விலை உலகச் சந்தையைவிட அதிகம் என்று மிட்டாய் தயாரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகப் புலம்பிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் நாமக்கல் நண்பருக்கு, தம் தீவன விலை எந்த மேசையில் முடிவாகிறது என்றாவது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

எடைமேடை எழுதியது:

கொல்லிமலைச்சாரல் அண்ணனுக்கு ஓர் ஒப்புதல். சென்ற பருவத்தில் ஆலையின் வெட்டு உத்தரவு வர இரண்டு மாதம் தாமதமாகி, நின்ற கரும்பு எடை இழந்த கோபத்தில், வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பை விடாமல் உழுதுவிட்டு இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். மூன்றரை மாதத்தில் அறுவடை, எந்த ஆலையிலும் பதிவு வேண்டாம், வியாபாரி களத்துக்கே வந்து எடை போட்டுப் பணம் தந்தார். ஆகவே இறக்குமதி வரியை நீக்கக் கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் இப்போது நானும் இருக்கிறேன், உங்களுக்கு எதிராக. எத்தனால் வேண்டும் என்று சொல்லும் வடிப்பாலைக்காரரோடு ஒரே பக்கத்தில் நிற்கிறேன். மீதி மூன்று ஏக்கர் கரும்புக்கான வித்தியாசத் தொகைக்கு அதே தொழில்காரரை எதிர்த்து மனு எழுதுகிறேன். இரண்டு மனுவும் ஒரே வாரத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கப்பட்டன. இரண்டுக்கும் வாங்கிய ஒப்புகைச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பதில் எதற்கு முதலில் வருகிறது என்று வந்ததும் இங்கே எழுதுகிறேன்.